லியோனாவின் ஆறு நாற்காலிகளும் கிருபைராஜின் பெயரும்

திண்டுக்கல் சவரிமுத்துவுக்குப் பிள்ளைகள் நான்கு. நடுவில் பிறந்த இரண்டு பெண்களும் தங்கவில்லை. மூத்தவன் பாக்கியநாதன், கடைசி கிருபைராஜ். சவரிமுத்து தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி, தோலிலிருந்து மயிர் கழற்றுகிற வேலை பார்த்தவர். அவருடைய அப்பா ஞானப்பிரகாசமும் அதே குழிதான், தாய்மாமன் அருளப்பனும் அதே குழிதான். சுண்ணாம்பு தின்ற கால் எப்படி இருக்கும் என்று அவர்கள் தெருவில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. தெருவைத் தாண்டினால் அந்தக் காலைப் பார்த்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கோயிலிலும் அதுதான் கதை. பூசைக்கு ஒரே கோயில், ஒரே சாமியார். செத்துப்போனால் புதைக்கிற இடத்தில் மட்டும் நடுவில் ஒரு சுவர். சவரிமுத்துவைச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் வைத்தார்கள்.

கிருபைராஜும் பதினான்கு வயதிலிருந்து இருபத்திரண்டு வரை தோல் ஷாப்பில் கிடந்தவர்தான். பிறகு மிஷன் ஆஸ்பத்திரிப் பெரிய சிஸ்டர் மனமிரங்கி, கட்டிலும் நாற்காலியும் பழுதுபார்க்கிற பட்டறையில் சேர்த்துக்கொண்டார். அங்கே நர்சாக இருந்த அல்போன்சாவைக் கட்டினார். அவளும் இதே ஜனம்தான், வத்தலக்குண்டு பக்கத்து மடத்துக் கன்னியர்கள் எடுத்துப் படிக்கவைத்த பெண். ஒரே மகள் ஜாய் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தாள். தெருவுக்கு அவளைக் கூட்டிப்போனது கிறிஸ்மஸுக்கும் சாவுக்கும் மட்டும்தான்.

தொண்ணூற்றொன்றில் அல்போன்சாவுக்கு டெக்சாஸில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அடுத்த வருஷம் அப்பாவும் மகளும் பின்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். ரவுண்ட் ராக் என்ற ஊரில் வீடு. பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று அங்கே வந்து, தமிழ்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். பெண்டாட்டி சம்பாதிக்க, கிருபைராஜ் இரண்டு வருஷம் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி அடுக்கினார். அப்புறம்தான் லியோனாவின் பட்டறை.

லியோனா கெஸ்லர் அறுபத்தைந்து வயதுக்காரி. கல்யாணம் செய்துகொள்ளாதவள். ரவுண்ட் ராக்கிலிருந்து மேற்கே நாற்பது நிமிடம் டிரைவ் பண்ணினால் மேட்டு நிலத்தில் அவளுடைய தகரக் கொட்டகை. பழைய நாற்காலிகளைப் பழுதுபார்ப்பதுதான் அவளுக்குத் தொழிலும் பைத்தியமும். அவளுடைய முப்பாட்டன் ஜெர்மனியில் ஒரு குக்கிராமத்தில் பிழைக்க வழியில்லாமல், ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறில் கப்பலேறிக் கால்வெஸ்டன் துறையில் வந்து இறங்கியவர். ஆறு பிள்ளைகளில் இரண்டைக் கப்பலிலேயே கடலுக்குக் கொடுத்துவிட்டார். வந்த இடத்தில் முதல் வேலையாகச் செய்தது நாற்காலி. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் நம்மை மிருகம் என்று நினைப்பார்கள் என்று பெண்டாட்டியிடம் சொன்னாராம். லியோனா இதைச் சொல்லும்போது சிரிப்பாள். கிருபைராஜுக்குச் சிரிப்பு வராது.

நாற்காலியைப் பார்த்தே எந்த ஜனம் செய்தது என்று அவள் சொல்லிவிடுவாள். மரத்தை ஆவியில் வேகவைத்து வளைத்து, முதுகுக்குக் குச்சி குச்சியாக நிறுத்தியிருந்தால் இங்கிலாந்துக்காரன். ஏணிபோலக் குறுக்கே பட்டை வைத்து, பின்கால் தலையைக் கடைந்திருந்தால் ஜெர்மன்காரன். கோரையை முறுக்கி இருக்கை பின்னினால் அது பிரெஞ்சுக்காரன் வழி. ஊரில் கை எப்படிப் பழகியதோ அப்படியே இங்கேயும் வந்து செய்தார்கள். இங்கே நல்ல கோரை அகப்படவில்லை. மாடுதான் எங்கே பார்த்தாலும் நின்றது. மெக்சிகோக்காரர்களைப் பார்த்து, பச்சைத் தோலை இழுத்துக் கட்டப் பழகிக்கொண்டார்கள். ஆணி கிடையாது, பசை கிடையாது. காலுக்கு ஈர மரம், குறுக்குச் சட்டத்துக்கு நன்றாகக் காய்ந்த மரம். கால் காயக் காயச் சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். நூற்றைம்பது வருஷமாகக் கவ்வியபடிதான் இருக்கிறது.

முதல் ஆறு மாதம் கிருபைராஜ் உப்புத்தாள் தேய்க்கிற வேலைதான் பார்த்தார். ஒருநாள் லியோனா ஒரு பழைய நாற்காலிக்குத் தோல் கட்டினாள். தண்ணீரில் ஊறிய தோலை மேளம்போல இழுத்துப் பிடித்து வார் போட்டாள். மூன்றாம் நாள் தோல் காய்ந்து சுருங்கியதில் முன்சட்டம் உடைந்து, கால் இரண்டும் உள்ளே திருகிக்கொண்டன. அவள் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பார்த்துக்கொண்டிருந்த கிருபைராஜுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "வெட் டைம் லூஸா விடணும் மேடம். டிரை ஆனா அவனே புல் பண்ணுவான்" என்றார் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

"நீ செய் பார்ப்போம்" என்றாள் அவள்.

தொட்டியிலிருந்து இன்னொரு தோலை எடுத்தார். உப்பு போய்விட்டதா என்று பார்க்க, யோசிக்காமல் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துவிட்டார். தோல் ஷாப்பில் எல்லாரும் செய்கிற காரியம். வைத்த பிறகுதான் உறைத்தது. வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். லியோனா பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"என் தாத்தாவும் அப்படித்தான் நாக்கில் வைத்துப் பார்ப்பார்" என்றாள். அவள் பெருமையாகத்தான் சொன்னாள். கிருபைராஜுக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது.

அன்றிலிருந்து தோல் வேலை எல்லாம் அவர் கைக்கு வந்தது. கொட்டகைக்குப் பின்னால் தனியாக வைத்துத்தான் செய்வார். அதற்கென்று வேறு சட்டை. முடித்ததும் எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கையில் தேய்த்துக் கழுவிவிட்டு, குளிர்காலத்தில்கூடக் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"உங்க மேல ஒரு நாத்தமும் இல்லங்க. ஆஸ்பத்திரில நான் மோக்காத நாத்தமா?" என்பாள் அல்போன்சா.

"உனக்குத் தெரியாது. அது போகாது."

"அப்ப உங்க மூக்கத்தான் கழுவணும்."

ரவுண்ட் ராக் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை யார் வீட்டிலாவது கூடி ஜெபமாலை சொல்வது வழக்கம். முடிந்ததும் சாப்பாடு. அங்கே யாராவது, "அங்கிள், நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால், "ஆன்ட்டிக் ஃபர்னிச்சர்" என்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் பிள்ளைகளுக்கு அது பெரிய கலை வேலையாகத் தோன்றியது. "எங்க ஆபீஸ்லயும் ஒண்ணு வேணும் அங்கிள், உக்காந்தா எந்திரிக்கவே தோணக்கூடாது" என்று ஒருவன் கேலி பண்ணுவான். கிருபைராஜும் கூடச் சிரித்துக்கொள்வார். ஆனால் புதிதாக ஒரு குடும்பம் வந்து, "உங்களுக்கு நேட்டிவ் எது?" என்று கேட்டால் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விடுவார்.

அந்த ஜெபமாலைக் கூட்டத்தில்தான் ஜெஃப்ரின் ஜாயைப் பார்த்தான். திருச்சிப் பையன். தொண்ணூற்றெட்டில் வேலை விசாவில் வந்தவன். ஜாய் அப்போது படிப்பை முடித்து பாங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள், அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கியிருந்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. ஜெஃப்ரினின் அப்பா ஃபிரெடி ரிட்டயரான பாங்க் ஆபீசர். அவர்கள் சுவருக்கு அந்தப் பக்கத்து ஜனம். இது கிருபைராஜுக்குப் பையனுடைய தாத்தா பெயரோடு ஒட்டியிருந்த ஜாதிப் பட்டத்தைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"சொல்லிடுங்க. இப்பவே சொல்லிட்டா வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம்" என்றாள் அல்போன்சா.

"வேண்டாம்னு சொன்னா ஜாய் மூஞ்சிய யாரு பாக்கறது?"

"பின்னாடி தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? கடலத் தாண்டி வந்து எவன் தெரு பாக்கப்போறான்?"

அந்த ஜனத்தில் பெண் எடுக்குமுன் யாரையாவது அனுப்பித் தெரு பார்ப்பது உண்டு. கோயிலில் கேட்பார்கள், பெட்டிக்கடையில் கேட்பார்கள், கல்லறையில் எந்தப் பக்கம் என்றும் கேட்பார்கள். அமெரிக்காவில் பிடித்துப்போன கல்யாணத்துக்கு அந்த வேலையெல்லாம் இருக்காது என்று கிருபைராஜ் முடிவு கட்டிக்கொண்டார். கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிக்க, ஊர்க் கோயிலிலிருந்து ஜாயின் ஞானஸ்நானச் சான்றிதழ் வந்தது. பிரித்துப் பார்த்தார். பங்குக் கோயிலின் பெயர்தான் இருந்தது, தெருவின் பெயர் இல்லை. சிலுவை போட்டுக்கொண்டார். இனி மகள் கல்யாணம் முடிகிறவரை தெருவின் பெயர் யார் காதிலும் விழாமல் இருந்தால் போதும். அந்த வருஷம் முழுக்க அவர் சாமியிடம் கேட்டது அது ஒன்றுதான்.

இரண்டாயிரத்தொன்று ஜனவரியில் ஃபிரெடியும் மனைவியும் வந்து மகன் வீட்டில் தங்கினார்கள். நிச்சயதார்த்தம் முடிந்தது. மே பன்னிரண்டு கல்யாணம் என்று குறித்தார்கள். கார்டு அடிக்க கிருபைராஜ் ஹூஸ்டனுக்கு, ஹில்கிராஃப்ட் இந்தியக் கடைத்தெருவுக்குப் போனார். பெண் வீட்டார் பக்கத்தில் பெரியப்பா என்று பாக்கியநாதன் பெயரும், ஊரும், தோல் ஷாப் வேலையும் போடுவதுதான் முறை. எழுதிக் கொண்டுபோன தாளில் அந்த வரி இருந்தது. கடையில் பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டார். கார்டு வந்ததும் அல்போன்சா படித்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"உங்க அண்ணன் பேரு எங்க?"

"எடம் பத்தல."

"கேட்டரிங்காரன் பேரு போட்டுருந்தாக்கூட எடம் இருக்கும்போல." அதற்குமேல் அவள் பேசவில்லை. நான்கு நாள் பேசவில்லை.

இதற்கிடையில் லியோனாவுக்கு ஒரு பெரிய காரியம் கூடிவந்தது. பக்கத்து ஊர் மியூசியத்தில் கப்பலேறி வந்த ஜனங்கள் கையால் செய்த நாற்காலிகளை வைத்து ஒரு கண்காட்சி. அவளுடைய முப்பாட்டன் செய்த ஆறு நாற்காலிகள்தான் நடுநாயகம். ஆறுக்கும் இருக்கை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கிருபைராஜ் முந்தின அக்டோபரிலிருந்தே நான்கு மாதம் உட்கார்ந்து ஆறுக்கும் புதுத்தோல் கட்டினார். ஒவ்வொரு நாற்காலிக்கும் எவ்வளவு தளர்வு விடவேண்டும் என்று சட்டத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தீர்மானித்தார். வேலை முடிந்த அன்று லியோனா ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஆறாவதில் உட்கார்ந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் கிருபைராஜ் தன் அப்பாவைப் பற்றி, குழியைப் பற்றி, சுண்ணாம்பு தின்ற காலைப் பற்றி அவளிடம் சொன்னார். இந்த நாட்டில் அவர் அதைச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

இரண்டு வாரம் கழித்து நாற்காலிகளுக்குப் பக்கத்தில் மாட்டப்போகிற பலகையின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினாள். மேலே முப்பாட்டன் பெயர். கீழே அதே அளவு எழுத்தில், "இருக்கைகள்: கிருபைராஜ் சவரிமுத்து. தென்னிந்தியாவில் திண்டுக்கல்லில் மூன்று தலைமுறையாகத் தோல் வேலை செய்த குடும்பத்தவர்." பக்கத்தில் அவர் தோலை வார்போட்டு இழுக்கிற போட்டோ. எப்போது எடுத்தாள் என்றே அவருக்குத் தெரியாது.

சவரிமுத்துவின் பெயர் அச்சில் வந்தது அதுதான் முதல் தடவை. செத்தபோது கல்லறையில்கூடச் சிலுவை மட்டும்தான் நட்டார்கள், பெயர் எழுதவில்லை. கிருபைராஜ் அந்தத் தாளை மடிக்காமல் காரில் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கொண்டுவந்தார்.

அந்தச் சந்தோஷம் ஒருநாள்கூட நிற்கவில்லை. ஜாய் சாப்பிடும்போது சொன்னாள்: "டாட், ஜெஃப்ரின் பேரன்ட்ஸ் கிட்ட சொல்லிட்டேன். தே ஆர் ஸோ எக்ஸைட்டட். ஓப்பனிங்குக்கு எல்லாரும் வர்றோம். உங்க நேம் போர்டுல இருக்கும்ல?"

கிருபைராஜ் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

மறுநாள் பட்டறைக்குப் போனதும், "என் பேர எடுத்துடுங்க மேடம்" என்றார்.

லியோனா தான் கேட்டது சரிதானா என்று அவரைப் பார்த்தாள். "குடும்பத்தைப் பற்றிய வரியை எடுக்கட்டுமா? பெயர் மட்டும் இருக்கட்டும்."

"பேரும் வேணாம். போட்டோவும் வேணாம்."

"ஏன்?"

என்னத்தைச் சொல்ல. அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கிற இங்கிலீஷ் அவரிடம் இல்லை. தமிழில் கேட்டிருந்தாலும் வந்திருக்காது. "வீட்டுக் காரணம்" என்றார்.

"என் முப்பாட்டன் மாட்டை உரித்தவர், கிருபை. அதைத்தான் நான் சுவரில் மாட்டுகிறேன். உனக்கு இந்த நாற்காலிகள் கேவலமா?"

"இல்ல மேடம்."

"பின்னே யார் கேவலம்?"

அவர் குனிந்துகொண்டே மாதிரித் தாளை நீட்டினார். லியோனா அதை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். பலகையில் கடைசியில் வந்தது, "இருக்கைகள் ஜெர்மானியக் குடியேறிகளின் பழைய முறைப்படி புதுப்பிக்கப்பட்டன" என்ற ஒரு வரிதான். யார் புதுப்பித்தது என்று இல்லை. கண்காட்சிக்காக அச்சடித்த புத்தகத்திலும் அதே வரிதான்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை திறப்பு விழா. ஃபிரெடி கோட்டு போட்டு வந்திருந்தார். மனைவி பட்டுப்புடவை. ஜாய் பலகையைப் படித்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "வேர் இஸ் யுவர் நேம்?"

"நம்ம பேரு எதுக்கும்மா, அவங்க குடும்ப நாற்காலி."

"பட் யூ மேட் தெம்."

"நீ போய் ஜூஸ் குடி."

ஃபிரெடி ஒரு நாற்காலிக்கு முன் நெடுநேரம் நின்றார். தொடாதே என்று எழுதியிருந்தது. இருந்தாலும் விரலால் தோலை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டே, "சம்பந்தி, வெளிய வாங்க, கொஞ்சம் காத்தாட நிப்போம்" என்றார்.

கார் நிறுத்துகிற இடத்தின் ஓரத்தில் ஒரு ஓக் மரம். அதன் நிழலில் போய் நின்றார்கள்.

"பேர எடுக்கச் சொன்னது நீங்கதான?" என்றார் ஃபிரெடி.

"ஆமா சார். சும்மா, எதுக்குன்னு…"

"நல்ல காரியம் பண்ணீங்க. ஜாய் போன்ல சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் பக்குன்னு இருந்துச்சு. இந்தப் பிள்ளைங்க போட்டோ எடுத்து ஈமெயில்ல அனுப்பிடுதுங்க. எங்க பக்கம் சித்தப்பா பெரியப்பா எல்லாரும் பாப்பாங்க. எதுக்கு வம்பு."

கிருபைராஜுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "சார், உங்களுக்கு…"

"தெரியும் சார். நவம்பர்லயே தெரியும். எங்க அக்கா மகன் திண்டுக்கல்லுலதான் இன்சூரன்ஸ்ல இருக்கான். போய்த் தெரு பாத்துட்டு வந்துட்டான். உங்க பிரதரைத்தான் பாத்துப் பேசினான். நல்ல மனுசன்னு சொன்னான், ஒண்ணையும் மறைக்கலியாம்."

"தெரிஞ்சுமா சரின்னீங்க?"

ஃபிரெடி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "காலம் மாறிப்போச்சு பாருங்க. பொண்ணு நல்ல பொண்ணு. பையனுக்குப் பிடிச்சிருக்கு. அதோட, உங்ககிட்ட என்ன மறைக்கிறது, கம்பெனில ஆளக் கொறைக்கிறாங்க. இவன் விசா வேலைய நம்பித்தான் இருக்கு. வேல போனா மூட்டயக் கட்ட வேண்டியதுதான். ஜாய் சிட்டிசன். கல்யாணம் ஆயிட்டா பேப்பர் பிராப்ளம் இல்ல. ரெண்டு பக்கமும் விட்டுக்கொடுத்துத்தான போகணும்?"

கிருபைராஜ் மியூசியக் கதவையே பார்த்தார்.

"நாங்க உங்ககிட்ட எதுவும் கேக்கல. நீங்களும் யார்கிட்டயும் எதுவும் சொல்ல வேண்டாம். அவ்வளவுதான். கார்டுலகூட உங்க சைடுல சுருக்கமா முடிச்சிருந்தீங்களே, அப்பவே எங்க வீட்டம்மாகிட்ட சொன்னேன், சம்பந்தி வெவரமான ஆளுன்னு." சொல்லிவிட்டு அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். நாற்காலியைத் தட்டிய விரலைத் துடைத்த கைக்குட்டை இன்னும் அந்தக் கையிலேயே இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஜாய் ஜெஃப்ரினின் காரில் போய்விட்டாள். ஃப்ரீவே ஏறியதும் கிருபைராஜ் எல்லாவற்றையும் சொன்னார். அல்போன்சா ரோட்டையே பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தாள்.

"ஆக, எல்லாருக்கும் தெரியும். மறைச்சது நமக்கு நாமேதான்" என்றாள்.

"கல்யாணத்த நிறுத்திரலாமா?"

"என்ன சொல்லி நிறுத்துவீங்க? அவுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதனால வேண்டாம்னா?"

கிருபைராஜ் லேன் மாற்றி, முன்னால் போன லாரியை முந்தினார்.

"ஜாய்கிட்ட சொல்லணும்" என்றாள் அவள். "பையன் அவளக் கட்டுறானா, அவ பேப்பரக் கட்டுறானான்னு அவளுக்குத் தெரியணும்ல."

"பையனுக்கு இதெல்லாம் தெரியாது அல்போன்சா. அவன் நல்லவன். சொன்னா ரெண்டு பேருக்கும் நடுவுல போயி இது உக்காந்துக்கும்."

"உக்காரட்டுமே. நமக்கு நடுவுல எத்தன வருசமா உக்காந்துருக்கு."

ஆனால் அவளும் சொல்லவில்லை. கல்யாணப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கிற மகளிடம் எந்த வாயால் சொல்வது.

திங்கட்கிழமை கிருபைராஜ் நேராக லியோனாவிடம் போனார். "என் பேரப் போட்டுடுங்க மேடம்" என்றார். "அப்பா பேரும் போடுங்க. எல்லாம் போடுங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "பலகை மாட்டியாச்சு. புத்தகம் ஆயிரம் பிரதி வந்தாச்சு. கண்காட்சி அடுத்த மாதம் வேறு ஊருக்குப் போகிறது. மியூசியத்துக்காரர்களிடம் நான் என்ன சொல்வேன்? நீ ஒருநாள் வேண்டாம் என்கிறாய், ஒருநாள் வேண்டும் என்கிறாய்." கண்ணாடியை மறுபடி எடுத்துத் துடைத்துக்கொண்டே, "திறப்பு விழாவில் எல்லாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். நான் செய்ததாக நினைத்து. என்னைத் திருடியாக்கிவிட்டாய், கிருபை" என்றாள்.

அதற்குப் பிறகும் அவர் வேலைக்குப் போனார். அவளும் சம்பளம் கொடுத்தாள். பேச்சு மட்டும் குறைந்துபோனது.

ஊருக்கு அனுப்பிய கார்டு ஏப்ரல் முதல் வாரம்தான் பாக்கியநாதன் கைக்குப் போயிருக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை காலை, அங்கே சாயங்காலம், காலிங் கார்டில் நம்பரை அழுத்தி அண்ணனுடைய பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார் கிருபைராஜ். கூப்பிட ஆள் போய், அண்ணன் செருப்புச் சத்தத்தோடு வந்து எடுத்தார்.

"தம்பி, நல்லாருக்கியாடா? பிள்ள எப்படியிருக்கா?"

"நல்லாருக்காண்ணே."

"கார்டு வந்துச்சு. அழகா இருக்குடா, தங்க எழுத்து. நம்ம சூசை மகன் படிச்சுக் காமிச்சான்." பாக்கியநாதனுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். "ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன்."

கிருபைராஜ் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மாப்ள வீட்டாளு ஒருத்தன் இங்க வந்தான்டா, கிறிஸ்மஸுக்கு முந்தி. நீ சொல்லித்தான் வர்றான்னு நெனச்சேன். எல்லாத்தையும் சொன்னேன். அப்பா வேல, என் வேல, நம்ம ஜனம், கல்லறைல எந்தப் பக்கம்னுகூட கேட்டான், காமிச்சேன். கலர் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காம வச்சிட்டுப் போனான். சரி, இது முறிஞ்சதுன்னுதான் நெனச்சேன். அப்புறம் நிச்சயம்னு நீ போன் பண்ணின பாரு, எனக்கு ஒரே அழுக. உங்க மைனிகிட்ட சொன்னேன், தெரிஞ்சும் எடுக்குறாங்கடி, எப்பேர்ப்பட்ட சனம்னு."

"அண்ணே…"

"அதான் கேக்குறேன். அவுங்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அப்ப கார்டுல எம் பேரு ஏன்டா இல்ல?"

கிருபைராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே எதிர்வீட்டுக்காரன் புல் வெட்டிக்கொண்டிருந்தான். "பிரிண்டிங் மிஸ்டேக்குண்ணே. அச்சடிச்சவன் விட்டுட்டான்."

பாக்கியநாதனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அச்சடிச்சவனுக்கு எப்படிடா தெரியும், எந்தப் பேர விடணும்னு?" என்று கேட்டார். அதற்குப் பிறகு, "சரி, சரி, உனக்குக் காசு ஓடும். பிள்ளைய நல்லபடியா அனுப்பி வை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மிச்சமிருந்த கார்டுகளைக் கிருபைராஜ் அலமாரியிலிருந்து எடுத்தார். இருபத்துமூன்று இருந்தன. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் பெண் வீட்டார் பெயர்களுக்குக் கீழே பால்பாயின்ட் பேனாவால் எழுதினார்: "பெரியப்பா ச. பாக்கியநாதன், தோல் ஷாப், திண்டுக்கல்." ஐந்தாவது வரைதான் படித்தவர். கையெழுத்து ஏறி இறங்கி, தங்க எழுத்துக்குப் பக்கத்தில் கோழி கிளறியதுபோல இருந்தது. இருந்தாலும் இருபத்துமூன்றையும் எழுதி முடித்தார்.

டியூட்டி முடிந்து வந்த அல்போன்சா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் நின்று படித்தாள்.

"யாருக்குக் கொடுக்கப்போறீங்க? எல்லாருக்கும்தான் கொடுத்தாச்சே."

ஒன்றை எடுத்துக் கவரில் போட்டு, மேலே "திரு. ஃபிரெடி குடும்பத்தினர்" என்று எழுதினார். அன்று சாயங்காலமே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடுவது என்று காரில் டாஷ்போர்டில் வைத்தார். அன்று ஜாய்க்கு ரவிக்கை அளவு பார்க்கப் போகவேண்டியிருந்தது. அடுத்த நாள் பூசைக்குப் பிறகு கொடுக்கலாம் என்றிருந்தார். கோயில் வாசலில் ஃபிரெடி நான்கு பேரோடு நின்று பேசிக்கொண்டிருந்தார். ஏப்ரல் கடைசியில் ஜெஃப்ரினுக்கு வேலை போய்விட்டது. அந்த வாரம் அந்த வீட்டுக்கே யாரும் போகவில்லை.

கல்யாணம் மே பன்னிரண்டாம் தேதி குறித்தபடி நடந்தது. திருச்சிக்கு அனுப்ப வீடியோ எடுத்தார்கள். கவர் டாஷ்போர்டிலேயே கிடந்தது.